இரண்டே சைகைகள்

கட்டைவிரலைத் தூக்கினால் மூச்சு நன்றாக வருகிறது என்று அர்த்தம், கையை விரித்து ஆட்டினால் எல்லாவற்றையும் உடனே பிய்த்து எடுங்கள் என்று அர்த்தம், இந்த இரண்டே சைகைதான் மேடம், அதிகம் வைத்துக்கொண்டால் குழப்பம்தான் என்று சினிமா வேஷத்துக்கு முக அச்செடுக்கும் பிரான்சிஸ் அண்ணன் சொன்னபோது சமர்த்தாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குப் பரிசு கொடுத்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும். டிவி சீரியல்களில் கொடுமைக்கார நாத்தனாராக வந்து வீட்டையே ஆட்டிவைக்கும் குமுதவல்லி, வெளியே யார் எது சொன்னாலும் சரி என்பாள். இப்போது அந்தத் தலை நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. முடியெல்லாம் ரப்பர் தொப்பிக்குள், புருவத்திலும் இமையிலும் வாஸலின், காதில் பஞ்சு. பல் டாக்டர் பல் செட்டுக்கு அச்செடுப்பாரே, அதே மாவுதான் என்றார், வாளியில் அவர் கலக்கும் சத்தம் தோசைமாவு கலக்குகிற சத்தமாகத்தான் கேட்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, முதல் கை மாவு நெற்றியில் விழுகிறது, அம்மாடி, என்ன குளிர்ச்சி. வழிகிறது. புருவம் போயிற்று. வலது கண் போயிற்று, இடது கண் போயிற்று. மூடிக்கொண்டது என்று சொல்ல வரவில்லை, போயிற்று என்றுதான் வருகிறது. புதினா வாசனை. கன்னம், தாடை, கடைசியில் உதடு. மூக்குத் துவாரம் இரண்டையும் மட்டும் விரலால் வழித்து வழித்துத் திறந்து வைக்கிறார். "மூச்சு வருதா மேடம்?" கட்டைவிரலைத் தூக்குகிறேன். வருகிறது. வருகிற மூச்சு மாவுக்குள் மோதி என் காதுக்கே திரும்புகிறது, பக்கத்தில் இன்னொருத்தி படுத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி. அவள் யார் என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் முகம் அசையும், முகம் அசைந்தால் அச்சு கெடும்.

பிரான்சிஸ் அண்ணன் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவருக்குப் பயம் வரக்கூடாது என்பதற்காகவாம். மகளுக்கு வரன் பார்க்கும் கதை, சாலிகிராமத்தில் தண்ணீர் லாரி வராத கதை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நான் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் மனசு அந்த அலமாரிக்கே போகிறது. மாடியேறி வந்ததும் அதைத்தான் பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளை முகங்கள். கிழவராக வேஷம் போட்டவர்கள், பேயாக வேஷம் போட்டவர்கள், அவர்களுடைய வேஷம் இல்லாத முகங்கள். எல்லாருக்கும் கண் மூடி, வாய் மூடி. இதில் மேல்தட்டில் இருக்கிற ரெண்டு பேர் இப்ப இல்லீங்க மேடம், குடும்பத்துல வந்து கேட்டாங்க, நான்தான் குடுக்கல என்று அவர் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். கண்ணையும் வாயையும் மூடிவிட்டால் எல்லா முகமும் ஒரே முகமாக ஆகிவிடுகிறது. செத்தது, தூங்குவது, சம்மதிப்பது மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிட்ட முகங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவேன், இந்தக் குமுதவல்லி, நாற்பது வயதில் முதல் முறையாகக் கதாநாயகி. சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது.

கதாநாயகி என்றால் ஆந்தை. படத்தில் நான் ஆந்தை ஆகிறேன். மாதங்கி என்று ஒருத்தி, நோயில் கிடக்கிறாள், அவள் புருஷன் பெரிய டாக்டர், மலைமேல் பங்களாவில் தனியாக ஆராய்ச்சி, பெண்டாட்டி செத்துப்போவதைப் பார்க்க முடியாமல் அவளை ஆந்தையாக மாற்றிவிடுகிறான். கதை சொல்ல டைரக்டர் நிரூபன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் நித்திலா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அந்த ஆன்ட்டிக்கு ஆந்தையாகணும்னு ஆசையா அங்கிள்?" என்று கேட்டாள். நிரூபன் சிரித்தான். யூனிட்டுக்கு முன்னால் நான் அவனை சார் என்பேன், தனியாக இருந்தால் தம்பி. அவன் எல்லாருக்கும் முன்னால் என்னை மேடம் என்பான், ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் அக்கா. ஆசையா இல்லையா என்பதற்கு ஸ்கிரிப்டில் ஒரு சீன் இருக்கிறது என்றான். ஆபரேஷன் மேஜையில் மயக்கத்தில் கிடப்பவளிடம் டாக்டர் குனிந்து கேட்கிறான், மாதங்கி, என்னோட இருந்துடுறியா என்று, அவள் விரல் லேசாக அசைகிறது, மியூசிக். எனக்குப் பொறுக்கவில்லை. "மயக்கத்துல இருக்கா தம்பி. தூக்கத்துல கூட விரல் அசையும்." "அவனுக்குப் புரியுதுல்லக்கா?" "அவனுக்குப் புரிஞ்சா போதுமா?" "லவ்வுக்கா அது. அவ பேச வேண்டியதே இல்ல." சரி, ஆந்தையானதுக்கு அப்புறம் அவளுக்குத் தனியாக ஒரு சீன் உண்டா, அவள் என்ன பார்க்கிறாள், என்ன நினைக்கிறாள், கண்ணாடியில் அலகைப் பார்த்து அலறுகிறாளா, பறந்து போய்விடலாமா என்று யோசிக்கிறாளா என்று கேட்டேன். "ஆந்தைக்கு என்னக்கா தனி சீன்?" என்றான். அதன்பிறகு கேமரா முழுக்க அந்த டாக்டரின் கண்ணீர்மேல்தான். ஆந்தை அவன் தோளில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவு.

ஆனால் அவன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. அன்று ராத்திரி நித்திலா பக்கத்தில் படுத்துக்கொண்டு யோசித்தேன். இவள் சாகக் கிடக்கிறாள், ஆந்தையாக்கினால் பிழைப்பாள் என்றால் ஆக்கமாட்டாயா? ஆக்கிவிடுவேன். கேட்பேனா? கேட்கமாட்டேன், கேட்டு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதுதான் விஷயம். வேண்டாம் என்று வரும் என்று பயந்தால்தான் கேட்காமல் இருக்கிறோம், இல்லாவிட்டால் பேச முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்கிறோம். அதனால்தான் அந்த மாதங்கியை விட முடியாமல், அவன் மறுபடி வீட்டுக்கு வந்தபோது சரி நடிக்கிறேன் என்றேன், ஒரே ஒரு கண்டிஷன், மாறுகிற சீனில் ஆஸ்பத்திரிப் போர்வை என்மேல் இருக்க வேண்டும், முகமும் கையும் மட்டும்தான் காட்டுவேன். கண்டிப்பாக்கா என்றான், நித்திலாவின் தட்டிலிருந்து ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டான்.

மாவு கழுத்தில் இறங்குகிறது. ரவிக்கைக்குள் ஒரு சொட்டுப் போகிறது, குளிர், தாடை தானாகவே கிட்டுகிறது. "ஆடாதீங்க மேடம், ஆடாதீங்க." நான் ஆடவில்லை, அது ஆடுகிறது. ஆடாதம்மா, அசையாம இரு என்று யாரோ சொன்னார்கள், எங்கே, வேண்டாம், அங்கே போகவேண்டாம் என்று நினைப்பதற்குள் போய்விட்டேன். அந்த டியூப் லைட். பச்சைத் துணி. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உடம்பு என்னுடையது இல்லாமல் போயிருந்தது, யாரோ எங்கேயோ என் வயிற்றைப் பெட்டி திறக்கிற மாதிரித் திறந்தார்கள், வலி இல்லை, இழுபடுவது மட்டும் தெரிந்தது. பிறகு நித்திலா அழுதாள். அதுவரைக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு நர்ஸின் மாஸ்க் போட்ட முகம் மேலே வந்தது, உதடு தெரியவில்லை, ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள்? நித்திலாவுக்கு மூன்று வயது முடிந்தபோது என் வீட்டுக்காரரிடம் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமே என்றேன், வெட்கத்தோடுதான், பேர்கூட யோசித்து வைத்திருந்தேன். தணிகைவேல் மிகவும் நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கே குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே குமுதா. வயித்தத் திறந்தப்பவே. டாக்டர் சொன்னாங்க, உனக்கு இன்னொண்ணு தாங்காதுன்னு." எனக்குக் கேட்டது புரியவே நேரம் ஆயிற்று. "என்கிட்ட?" "உன்கிட்டயும் கேட்டாங்களே. நீ தலையாட்டினியே. கதவுக் கண்ணாடி வழியா நானே பாத்தேன்."

தலையாட்டினேனா? அன்றிலிருந்து என் தலையை நானே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது, மேக்கப் போடும்போது, பஸ்ஸில் யாரோ பிள்ளையோடு ஏறும்போது. தலையாட்டினாயா? ஞாபகம் இல்லை. ஆட்டாவிட்டால் அவர் எப்படிப் பார்த்திருப்பார், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியென்றால் ஆட்டியிருக்கிறேன். நாமே ஆட்டிவிட்டு யாரைக் கோபித்துக்கொள்வது? கோபம் வரும்போதெல்லாம் அந்தத் தலை குறுக்கே வந்து நிற்கும், சரி சரி என்று ஆடும். என்னை மாற்றியவர்கள் யாரும் இல்லை, மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது நான்தான். பக்கத்தில் இருப்பவள் மூச்சு விடுகிறாள். உஸ், உஸ். மாதங்கியா நீ, இல்லை பேர் வைத்துப் பிறக்காமல் போனவளா, யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளிப் படு, எனக்கு இடம் போதவில்லை. நெற்றியில் இப்போது ஈரத்துணி, மாவுக்கட்டுத் துணி, கை ஒடிந்தால் சுற்றுவார்களே அது, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வருகிறார். கனம் ஏறுகிறது. வாய்ப்பக்கம் இன்னும் மாவுதான், வழிந்துகொண்டே இருக்கிறது, இங்க நிக்க மாட்டேங்குது, இன்னொரு கை போடணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

படியில் செருப்புச் சத்தம். நிரூபனுடைய சென்ட் வாசனை இந்தப் புதினாவையும் மீறி மூக்குக்கு வருகிறது. "எப்படிப் போகுதுண்ணே?" "போகுது சார். மூச்சு வருதா மேடம்?" கட்டைவிரலைத் தூக்குகிறேன். தூக்கியபடியே இருக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எத்தனை தடவைதான் இறக்கி ஏற்றுவது. நாற்காலிக் கையில் யாரோ சாய்கிறார்கள், காதருகில் குரல். "அக்கா, கேக்குதா? நைட்டெல்லாம் யோசிச்சேன். அந்த சீன்ல போர்வை வேணாம்னு தோணுது." பஞ்சுக்குள்ளே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. "உடம்பு முழுக்க இறகு முளைக்கிறத ஒரே ஷாட்ல காட்டணும். எதுவும் மறைக்காம. வல்கரா இருக்காது, சத்தியமா. அவ தன்னை முழுசா அவன்கிட்ட குடுக்குறா, அதான் ஃபீல். இன்னைக்கே ஃபுல் பாடி மோல்டும் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. ஓகேதானக்கா?" என் உதடு மாவுக்குள் இருக்கிறது. என் நாக்கு என் பல்லுக்குப் பின்னால் இருக்கிறது. "பாருங்கண்ணே, ஓகே காட்டிட்டாங்க. சூப்பர்க்கா. தேங்க்ஸ்."

எதைக் காட்டினேன்? விரல். ஐயோ, அந்த விரல். சட்டென்று மடக்கிக்கொள்கிறேன், யார் பார்த்தார்கள், அவன் ஏற்கெனவே யாருக்கோ போன் போட்டுவிட்டான், "மேடம் ஓகே சொல்லிட்டாங்க, லைட்டிங் மாத்தி யோசி" என்கிறான். பிரான்சிஸ் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் லாரி நின்றுவிட்டது, மகள் கல்யாணம் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியும், அந்த விரல் அவர் கேட்டதற்குத் தூக்கிய விரல். தெரிந்தவர் ஏன் பேசவில்லை, நாளைக்கும் இந்தப் படத்தில் அவர் வேலை பார்க்க வேண்டும், அதனால் பேசவில்லை. நான் கையை விரித்து ஆட்டலாம். ஆட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், விசிறுவார்கள், பாவம் பயந்துட்டாங்க என்பார்கள். ஓகே மட்டும் அப்படியே நிற்கும். அப்பவே ஓகே சொன்னீங்களேக்கா, அண்ணன்கூடப் பார்த்தாரே. நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஒரு சைகை வைத்துக்கொண்டோம், பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு சைகை வைத்துக்கொண்டோம், வேண்டாம் என்று சொல்ல எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கோபம் வருகிறது, இந்தத் தடவை எந்தத் தலையும் குறுக்கே வரவில்லை. உடம்பு குளிர்கிறது. தாடை மறுபடி கிட்டுகிறது, கழுத்து வெட்டி வெட்டி ஆடுகிறது, மேலும் கீழும், மேலும் கீழும், நான் ஆட்டவில்லை, அது ஆடுகிறது. "ஆடாதீங்க மேடம்." ஆடாதம்மா, அசையாம இரு. அந்த நர்ஸ். அவள் கேட்டதற்கு முன்னாலேயே என் பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததே. முதுகில் ஊசி போட்டால் குளிர் நடுக்கம் வருமே, பின்னால் என் தங்கைக்கும் பிரசவத்தில் வந்ததே, மூன்று போர்வை போட்டும் நிற்காமல் அவள் தலை ஆடியதை நானே பார்த்தேனே, பார்த்தும் எனக்குத் தோன்றவில்லையே. நான் தலையாட்டவில்லை. எனக்குக் குளிரெடுத்தது. கடவுளே, எனக்குக் குளிரெடுத்தது, அவ்வளவுதான்.

வாயைத் திறக்கிறேன். மாவு பிளந்து உள்ளே வருகிறது, குளிர்ந்து, மணல் மணலாக, புதினாக் கசப்பு, நாக்கை மூடுகிறது, அண்ணத்தில் ஒட்டுகிறது, வேண்டாம் என்கிறேன், சத்தம் மூக்கு வழியாகத்தான் வருகிறது, மாடு கட்டுத்தறியில் முனகுகிற சத்தம். நிரூபன் போனில் பேசிக்கொண்டே போய்விட்டான். பிரான்சிஸ் அண்ணனின் விரல்கள் என் உதட்டில் நிற்கின்றன. திறந்த வாயைச் சுற்றித் தடவிப் பார்க்கின்றன, ஒரு தடவை, இன்னொரு தடவை. "மேடம்?" நான் மூடவில்லை. அகலத் திறந்தபடி அசையாமல் இருக்கிறேன். "மூச்சு வருதாம்மா?" மேடம் போய் அம்மா வந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்குகிறேன். பிறகு வாளியில் கை போகிற சத்தம், இன்னொரு கை மாவு, அதை என் வாய்க்குள்ளும் ஓரத்திலும் பக்குவமாக வைத்து அழுத்துகிறார். அதன்மேல் மாவுக்கட்டுத் துணி. "சரிம்மா. அப்படியே வெச்சிருங்க. ஆடவே கூடாது." தண்ணீர் லாரி மறுபடி கிளம்புகிறது. மகளுக்கு வந்த வரனில் ஒருத்தனைப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டாளாம், நான் அப்பவே வேணாம்னுட்டேன் என்கிறார், குரல் கொஞ்சம் உடைந்திருக்கிறது.

காத்திருக்கிறேன். துணி இறுகுகிறது, இறுகும்போது சூடாகிறது, யாரோ உள்ளங்கையை முகத்தில் வைத்திருக்கிற மாதிரிச் சூடு. தாடை வலிக்கிறது. காதுக்குக் கீழே எலும்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. எச்சில் விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்குகிறது. இந்த வாய் இனிமேல் மூடாமலே போய்விட்டால் என்ன செய்வது, வீட்டுக்கு இப்படியே போய் நிற்பேனா, நித்திலா கதவைத் திறந்து பார்த்து அலறுவாளா? எடுக்கும்போது என் முகமும் சேர்ந்து வந்துவிடும், அடியில் இறகு இருக்கும், உருண்டைக் கண் இருக்கும் என்று தோன்றுகிறது, தோன்றியதும் அது நிச்சயம் என்றும் தோன்றுகிறது. பயமாகத்தான் இருக்கிறது. கை விரியப் பார்க்கிறது, விரிய விடாமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளின் சத்தம் கேட்கவில்லை. போய்விட்டாள் போல.

"இப்ப முன்னால குனிங்கம்மா. முகத்தைச் சுருக்கி விரிங்க." குனிகிறேன். மூக்கைச் சுளிக்கிறேன். காற்று ஒரு ஓரமாக நுழைகிறது, பிறகு எல்லாம் சேர்ந்து கழன்று என் கையிலேயே விழுகிறது, வாயிலிருந்து ஒரு கட்டியும் கூடவே உருவிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. தடவிப் பார்க்கிறேன், மூக்கு இருக்கிறது, கன்னம் இருக்கிறது, இறகு இல்லை. பிரான்சிஸ் அண்ணன் அச்சை வாங்கி ஜன்னலோரம் மேஜையில் உள்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்துகிறார். குழியாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கப் பார்க்க வெளியே புடைத்த முகமாகத் தெரிகிறது, நான் நகர்ந்தால் அதுவும் என் பக்கம் திரும்புகிறது. நிரூபன் போனைப் பாக்கெட்டில் போட்டபடி திரும்பி வந்து பார்த்தான். "என்னண்ணே இது, வாய் திறந்திருக்கு? வேஸ்ட் ஆயிடுச்சே." அவன் இந்தப் பக்கம் நகர்ந்தான், அது இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் போனான், அந்தப் பக்கம் திரும்பியது. அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மேடம் பேசினாங்க சார்" என்றார் பிரான்சிஸ் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க கேட்டதும் பேசினாங்க. நாமதான் கேக்கல." நான் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, "போர்வை வேணும் தம்பி" என்றேன், எல்லாருக்கும் முன்னால், சார் இல்லாமல். "அந்த விரலசைவும் வேணாம். அவ முழிச்சிருக்கும்போது அவன் கேக்கட்டும். மாட்டேன்னு அவ சொல்லட்டும். அப்புறம் என்ன பண்றான்னு படம் எடுங்க." அப்படின்னா கதையே மாறிடும் மேடம், வேற ஆளைத்தான் பாக்கணும் என்றான். பாருங்க என்றேன். அவன் இறங்கிப் போகும்போது அந்த அச்சைத் திரும்பிப் பார்க்காமல் சுவரோரமாகப் போனான்.

தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தணிகைவேல். "முடிஞ்சுதா குமுதா? பயமா இருந்துச்சா? நித்திலாவை நானே கூட்டிட்டு வந்துடுறேன், நீ மெதுவா வா." எவ்வளவு நல்ல மனிதர். "அன்னைக்கு நான் தலையாட்டல" என்றேன். பல்லிடுக்கில் மணல் நறநறவென்றது. "எனக்குக் குளிர் நடுக்கம். அதான் தலை ஆடுச்சு." அந்தப் பக்கம் ரோட்டுச் சத்தம், ஒரு ஆட்டோ ஹாரன், ஸ்கூல் வாசலில் நிற்கிறார் போலிருக்கிறது. எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எந்த நாள் என்று கேட்கவில்லை. "தெரியும்" என்றார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் பிரான்சிஸ் அண்ணன் அலமாரிக்கு இன்னொரு முகம் வார்க்க வெள்ளை மாவைக் கரைத்துக்கொண்டு, அந்தத் திறந்த வாயைக் காட்டி, ஊத்தட்டுமா என்று புருவத்தால் கேட்டார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.